இருபதுக்கு ஒரு குறை, நாற்பதுக்கு ஒரு குறை: ஷூ கம்பெனித் தையல் லைனில் வயதும் வேலைப் பிடிப்பும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் எந்த ஷூ கம்பெனியின் தையல் பகுதிக்குப் போனாலும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் ஐம்பத்தாறு வயது அம்மாவும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இருவர் கையிலும் ஒரே அப்பர் (ஷூவின் மேல்பகுதித் தோல்), இருவருக்கும் ஒரே டார்கெட், காலையில் ஏறி வந்ததும் ஒரே பஸ். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மறுபடி மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. கம்பெனி பஸ்ஸுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. குடியாத்தம், ஒடுகத்தூர், மாதனூர், ஆலங்காயம் என்று எல்லாப் பக்கமும் விடியற்காலையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"வேலை எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். இருவருமே "பரவால்லைங்க" என்பார்கள். சின்னவள் சொல்லும் பரவாயில்லைக்கு, இதைவிட நல்லது கிடைத்தால் அடுத்த மாதம் இருக்க மாட்டேன் என்று பொருள். பெரியவர் சொல்வதற்கு, இந்த வயதில் வேறு எங்கே போவது என்று பொருள். இந்த வித்தியாசம் பிடிபடாமல் எல்லாருக்கும் ஒரே டிபன் பாக்ஸை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆள் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிற நிர்வாகங்களுக்காகவும், அந்த லைன்களை நடத்துகிற சூப்பர்வைசர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். நாங்கள் தையல் லைன்களிலும் பணியாளர் பிரிவிலும் வேலை பார்ப்பவர்கள்.

வயதையும் வேலைத் திருப்தியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது 1996-ல் பிரிட்டனில் வெளிவந்த ஒன்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்துப் பார்த்ததில், இளம் வயதில் ஓரளவு உயரத்தில் இருக்கும் திருப்தி முப்பதுகளில் இறங்கி, சுமார் 36 வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறுகிறது என்று தெரிந்தது. கிணற்றுக்குள் இறங்கி ஏறுவது போன்ற வடிவம். அது பிரிட்டனின் கணக்கு, அப்படியே இங்கே பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எங்கள் லைன்களிலும் முகம் வாடுகிற வயது முப்பத்திரண்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்தான். காரணங்கள் மட்டும் இந்த ஊருக்கே உரியவை.

ஒரு எச்சரிக்கை. ஐம்பது வயதுக்காரர்கள் திருப்தியாகத் தெரிவதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. பிடிக்காதவர்கள் முப்பத்தைந்திலேயே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், மிஞ்சியவர்களைத்தான் நாம் எண்ணுகிறோம். ஆகவே "வயசானா தானா அடங்கிடுவாங்க" என்று நினைத்து முப்பதுகளில் இருப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஐம்பதில் உங்கள் லைனில் அனுபவசாலி யாரும் இருக்க மாட்டார்கள்.

திருப்தி வேறு, ஈடுபாடு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. சம்பளம், பஸ், சாப்பாடு, சூப்பர்வைசர் பேசும் விதம் ஆகியவற்றில் குறையில்லை என்றால் அது திருப்தி. 38 சைஸ் பீஸ்களின் கட்டுக்குள் ஒரு 39 சைஸ் குவார்ட்டர் (அப்பரின் பின்பக்கத் துண்டு) கலந்திருப்பதைப் பார்த்தவுடன் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்குகிறாளே, அது ஈடுபாடு. இருபத்திரண்டு வயதில் ஈடுபாடு இருந்து திருப்தி இல்லாமல் இருக்கலாம். ஐம்பதில் முழுத் திருப்தி இருந்தும், "சொன்னா யாரு கேக்கப் போறாங்க" என்று தப்பான பீஸை அப்படியே அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடலாம். முன்னதற்கு மருந்து சம்பளமும் நேரமும். பின்னதற்கு மருந்து, சொன்னதைக் கேட்டு அன்றைக்கே ஏதாவது செய்து காட்டுவது.

கேட்பது எப்படி

எல்லாருக்கும் எழுதப் படிக்க வராது, பலர் வீட்டில் உருது பேசுவார்கள். அச்சடித்த பாரம் கொடுத்து சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லாப் பதிலும் "நன்று" என்றே வரும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு மறைப்புக்குப் பின்னால் மூன்று டப்பா: ஆமாம், சில நேரம், இல்லை. அவற்றின் மேல் படமும் ஒட்டிவிடுங்கள். வயதுக்கு ஒரு நிறத்தில் டோக்கன் கொடுங்கள்: 25 வரை மஞ்சள், 26 முதல் 35 பச்சை, 36 முதல் 45 நீலம், அதற்கு மேல் சிவப்பு. கேள்வியை ஒருவர் தமிழிலும் உருதுவிலும் வாயால் சொல்ல, ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரலாம். ஒரு நிறத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அடுத்த நிறத்தோடு சேர்த்து எண்ணுங்கள். இல்லாவிட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும், அடுத்த முறை உண்மை வராது.

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். நாங்கள் பரிந்துரைப்பவை இவை. வீட்டில் அவசரம் என்றால் பயமில்லாமல் பர்மிஷன் கேட்க முடிகிறதா? தப்பான பீஸைப் பார்த்தால் தைரியமாகச் சொல்ல முடிகிறதா? போன வாரம் "இன்னிக்கு நல்லா வேலை செஞ்சோம்" என்று நினைத்த நாள் உண்டா? கண், கழுத்து, முழங்கால் வலி இல்லாமல் ஷிஃப்ட் முடிகிறதா? கடைசியாக ஒன்று: உங்கள் தங்கச்சியையோ மகளையோ இந்த லைனுக்குக் கூட்டி வருவீர்களா? மற்ற நான்கிலும் முகத்துக்காகப் பதில் சொல்கிறவர்கள்கூட இந்த ஐந்தாவதில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் பல அம்மாக்கள் பீடி சுற்றி வளர்த்த பெண்கள்தான் இன்று மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். தன் மகளை எங்கே உட்கார வைக்கலாம் என்பதை அவர்கள் ரொம்பக் கவனமாக எடை போடுவார்கள்.

கேட்கும் நாளும் முக்கியம். தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் கேட்டால் எல்லா நிறமும் "ஆமாம்" டப்பாவில் விழும். போனஸ் 8.33 சதவீதமா, கூடுதலா என்ற பேச்சு ஓடும்போது கேட்டால் எல்லாமே "இல்லை"யில் விழும். ஜூன் முதல் வாரம் பள்ளிக் கட்டணத்தின் கவலை. அதனால் பிப்ரவரி, ஆகஸ்ட் என்று இரண்டு மாதங்களை முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு ஆண்டும் அதே மாதங்களில் கேளுங்கள். வயதோடு சேர்த்து சர்வீஸையும் பிரித்துப் பாருங்கள். பதினைந்து வருடமாக இருக்கும் 38 வயதுக்காரரும் போன மாதம் சேர்ந்த 38 வயதுக்காரரும் ஒரே ஆள் அல்ல.

18 முதல் 25 வரை

இந்த வயதில் நிற்பதும் போவதும் முதல் 90 நாட்களில் முடிவாகிறது. சம்பளத்துக்காகப் போகிறவர்களைவிட, வேலை பிடிபடாமல் அவமானப்பட்டுப் போகிறவர்களே அதிகம். சேர்ந்த நாலாம் நாளே ஆர்டர் நெருக்கடியில் அப்பர் பீஸைக் கையில் கொடுத்தால் தையல் கோணும், ரீவொர்க் வரும், எல்லார் எதிரிலும் திட்டு விழும், அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஆள் இருக்காது.

சரியான வரிசை இது. முதல் மூன்று நாள் நூல் இல்லாமல், காகிதத்தில் வரைந்த கோட்டின் மேல் ஊசித் துளை விழும்படி ஓட்டப் பழக்க வேண்டும். நேர்கோடு, வளைவு, மூலை என்ற ஒழுங்கில். பிறகு ஒரு வாரம் கழிவுத் தோலில் நூல் போட்டு. அதன் பின் லைனிங், கடைசியாகத்தான் மேல் தையல். ஓரத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போகும் மேல் தையலை நேராகப் போட ஒரு மாதம் ஆகும், அவசரப்படுத்தினாலும் அதற்குள் வராது. எத்தனை ஜோடி ஆயிற்று என்பதை மணிக்கு ஒருமுறை அவளுக்கே தெரியும்படி எழுதிவையுங்கள். நேற்று 18, இன்று 23 என்று பார்க்கிறவளுக்கு அந்த எண்ணே ஊக்கம். ஒரே ஊரிலிருந்து வருகிற இருவரை ஒரே லைனில் போடுங்கள். பேச்சு அதிகமாகும் என்று பிரித்துப்போட்டால், ஒருத்தி நின்றவுடன் இன்னொருத்தியும் நின்றுவிடுவாள்.

இந்த வயதுக்காரர்களிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து 5 வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 7,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 37,500. நாலே கால் வருடத்தில் நின்றுவிட்டுப் பிறகு தெரிந்து வருந்தும் பெண்கள் நிறைய. அதோடு, கல்யாணச் செலவுக்கு என்று பி.எஃப். பணத்துடன் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் அழிந்துவிடும். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடம் வேண்டும். பென்ஷன் பகுதியைத் தொடாமல், அதுவரையான சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால், முப்பத்திரண்டில் திரும்பி வரும்போது பழைய வருடங்களும் கணக்கில் சேரும்.

முப்பதுகளில் இறங்கும் கிணறு

திருப்தியின் அடிமட்டம் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் காரணம் சம்பள இடைவெளி. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் ஏறுகிறது. அதனால் புதிதாக வருகிறவளின் தொடக்கச் சம்பளமும் ஏறுகிறது. பத்து வருடமாக உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்துக்கும் அதற்கும் நாளுக்கு இருபது முப்பது ரூபாய்தான் வித்தியாசம் என்ற நிலை பல இடங்களில் உண்டு. "நேத்து வந்த பொண்ணுக்கும் எனக்கும் ஒண்ணுதானா" என்ற வார்த்தை எந்த லைனிலும் காதில் விழும். இது பொறாமை இல்லை. தன் கைத்திறனுக்கு விலை இல்லை என்று கம்பெனி சொல்வதாக அவர் புரிந்துகொள்கிறார், அப்படிப் புரிந்துகொள்வதில் தவறும் இல்லை. 3, 5, 8, 10, 15 வருடங்களில் நாள் சம்பளத்தோடு தனியாக ஒரு சர்வீஸ் படி சேரும்படி வைத்து, சம்பளச் சீட்டில் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் அது தனி வரியில் வருவதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இரண்டாவது நேரம். பிள்ளைக்கு ஜுரம், பள்ளியில் பெற்றோர் கூட்டம், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, குழுக் கடன் கட்டும் மீட்டிங் எல்லாமே காலை வேளைகளில் வந்து விழும். ஒரு மணி நேரம் பர்மிஷன் கிடைக்காது என்றால் அவர் முழுநாள் லீவு போடுவார், கம்பெனிக்குத்தான் நஷ்டம். வருகைப் பதிவேட்டைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கிழமையில் விடுப்பு எடுத்தால் அது பெரும்பாலும் குழு மீட்டிங் நாளாகவே இருக்கும். மாதம் இரண்டு மணி நேரத்தை அரை அரை மணியாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்து, அதைக் கொடுக்கும் அதிகாரத்தை லைன் லீடரிடமே விடுங்கள். மேலே மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அந்தச் சலுகை இருந்தும் இல்லாததுதான். ஈடுகட்ட, இருபத்தைந்து முப்பது பேருக்கு ஒரு மாற்று ஆபரேட்டர் வேண்டும். எல்லா ஆபரேஷனும் தெரிந்த, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை அந்த இடத்தில் வைத்துக் கூடுதல் படி கொடுத்தால் அவருக்கும் அது மரியாதை.

மூன்றாவது குழந்தைக் காப்பகம். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அது இருக்க வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிய விஷயம். ஆனால் அறையும் தொட்டிலும் இருந்தும் குழந்தை வராத காப்பகங்கள் இருக்கின்றன. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூட்டமான பஸ்ஸில் கைக்குழந்தையோடு யார் ஏறுவார்கள்? பஸ்ஸின் முன்பகுதியில் குழந்தையோடு வருகிறவர்களுக்கு நான்கு இருக்கைகளை ஒதுக்கினால்தான் காப்பகம் காப்பகமாகும்.

நாற்பதுக்குப் பிறகு கண்

நாற்பத்திரண்டு வயதில் ஒருவரின் உற்பத்தி குறைகிறது, முகம் சிடுசிடுக்கிறது, "எனக்கு டேபிள் வேலை கொடுங்க" என்று கேட்கிறார். சூப்பர்வைசர் அதைச் சோம்பல் என்று எழுதுவார். அந்த ஆபரேட்டருக்கு ஒரு சோதனை வையுங்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் போகும்போது தையல் கோணுகிறது, அதே கை டேன் கலரில் நேராகப் போடுகிறது என்றால் கை மறந்துவிடவில்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நூல் அறுந்தால் மறுபடி கோக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும், தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

வெள்ளெழுத்து, அதாவது வயதாவதால் அருகில் இருப்பது மங்கலாகத் தெரிவது, எல்லாருக்கும் வரும். நாற்பதில் +1.00, நாற்பத்தைந்து தாண்டி +1.50, ஐம்பதில் +2.00 என்ற அளவில் தொடங்கும். ஊசிக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொடுத்து, பரிசோதித்துத்தான் வாங்க வேண்டும். பேப்பர் படிக்க எழுதிக் கொடுத்த கண்ணாடி மெஷினில் கழுத்தை வளைக்க வைத்துவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்து, 2018-ல் வெளியான ஒரு சோதனையில், அருகில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதைவிட ஊசி வேலைக்குக் கண் அதிகம் வேண்டும். வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிற மாவட்டத்தில், வருடத்துக்கு ஒருமுறை நாற்பது தாண்டியவர்களைச் சம்பளத்தோடு பரிசோதனைக்கு அனுப்புவது பெரிய காரியம் இல்லை.

கண்ணாடி பாதிதான், மீதி வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குச் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் சேரும். கூரை டியூப்லைட்டைக் கூட்டினால் கூச்சம்தான் கூடும், பளபளப்பான பேட்டன்ட் லெதரில் அது இன்னும் மோசம். ஒவ்வொரு மெஷின் தலையிலும் வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தி, ஊசி முனையில் விழும்படியும் கண்ணில் அடிக்காதபடியும் திருப்பிவிட வேண்டும். திருப்பும் உரிமை உட்கார்ந்திருப்பவருக்கே இருக்கட்டும்.

இதே வயதில் மாதவிடாய் நிற்கும் காலமும் வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, உடம்புக்குள்ளிருந்தே ஒரு அனல் எழுகிறவருக்குச் சுவரோர மெஷின் சித்திரவதை. காற்று வரும் இடத்தைக் கேட்டால் கொடுங்கள், கழிவறைக்குப் போக டோக்கன் முறை இருந்தால் எடுத்துவிடுங்கள். இதைப் பற்றி ஆண் சூப்பர்வைசரிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லைனுக்கு ஒரு மூத்த பெண் இதற்கென்று வேண்டும்.

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் உள்ள பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையில் 2007-ல் ஒரு லைனைச் சராசரி வயது 47 வரும்படி அமைத்துப் பார்த்தார்கள். மரத் தளம், உட்கார்ந்து எழும் நாற்காலி, பெரிய எழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். பெரும்பாலானவற்றைச் சொன்னவர்கள் அந்தத் தொழிலாளர்களே. ஒரு வருடத்தில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இங்கே செய்யக்கூடியவை: லாஸ்டிங்கில் (அப்பரைக் கால் அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் வேலை) நிற்பவர்களுக்குக் காலடியில் ரப்பர் பாய், உயரம் மாற்றும் ஸ்டூல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று ஆபரேஷன்களுக்குள் இடம் மாறுவது. இடமாற்றம் தொடங்கிய முதல் இரண்டு வாரம் உற்பத்தி இறங்கும். அதற்குப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

கூப்பிடும் முறை

டிப்ளமோ முடித்த இருபத்து நாலு வயதுத் தம்பியை சூப்பர்வைசராகப் போடுகிறோம். அவர் நாற்பத்தெட்டு வயதுக்காரரைப் பேர் சொல்லி "இங்க வா" என்றால் அன்றைய டார்கெட் போச்சு, அந்த அம்மாவின் மனது மூடிவிடும். "ஆயா" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான், கிழவி என்று சொன்னதாகவே விழும். "அக்கா, இந்த டோ (ஷூ முனை) தையலை ஒரு தடவ பாத்து சொல்லுங்க" என்று கேட்கப் பழக்குங்கள். புதிய மாடல் லைனுக்கு வரும்போது, சாம்பிள் தைக்கும் நாளிலேயே இரண்டு மூத்தவர்களை உட்கார வைத்து எங்கே சிக்கும் என்று கேட்டால் ரீவொர்க் குறைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அவர்கள் சொன்னது எழுதப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வேகம் குறைந்தவர்களை நூல் வெட்டும் டேபிளுக்குத் தள்ளி கிரேடையும் இறக்குவதைப் போல மனம் உடைக்கும் செயல் வேறில்லை. ஜோடி சேர்ப்பதில் நிற வித்தியாசம் பிடிப்பது, கடைசிச் செக்கிங், புதியவர்களைப் பழக்குவது ஆகியவற்றுக்கு வேகத்தைவிட அனுபவக் கண் தேவை. வேலை மாறலாம், கிரேடு இறங்கக் கூடாது.

ஐம்பதைத் தாண்டியவர்களின் கவலை வேலையைப் பற்றியது இல்லை, 58-க்குப் பிறகு என்ன என்பதுதான். கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டுங்கள். பென்ஷன் சம்பளம் 12,000, சர்வீஸ் 10 வருடம் என்றால், பெருக்கி 70-ஆல் வகுக்க மாதம் சுமார் 1,714 ரூபாய். 15,000 சம்பளத்தில் 20 வருடம் முடித்து 58-ல் ஓய்வு பெற்றால் இரண்டு வருடம் கூட்டி 22 ஆகக் கணக்கிடுவதால் சுமார் 4,714. ஐம்பது வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் பலர் 48-ல் நிற்க நினைத்த முடிவை மாற்றுகிறார்கள்.

ஆவணத்தில் இருக்கும் வயதே தப்பாக இருப்பது இந்தத் தலைமுறைக்குச் சகஜம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆதார் எடுத்தபோது யாரோ குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதியிருப்பார்கள். இ.எஸ்.ஐ. அட்டையில் ஒன்று, பி.எஃப். கணக்கில் வேறொன்று, பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் ஆதாரமாக ஏற்பதை 2024 ஜனவரியிலேயே பி.எஃப். நிறுவனம் நிறுத்திவிட்டது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் போன்ற ஏற்கத்தக்க ஆவணம் எதுவும் இல்லாதவர்கள் அரசு சிவில் சர்ஜனிடம் வயதுச் சான்று வாங்கிப் பிரமாணப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். இதற்கு அலைச்சல் உண்டு, ஐம்பத்தேழில் தொடங்கினால் முடியாது. ஐம்பதாவது பிறந்தநாள் வரும் மாதத்தில், ஒவ்வொருவரையும் பணியாளர் பிரிவில் அரை மணி நேரம் உட்கார வைத்து, மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், தேதி, நாமினி ஆகியவற்றைச் சரிபாருங்கள். நாமினியில் இன்னும் அம்மாவின் பெயரே இருக்கும் பெண்கள் நிறையப் பேர், கல்யாணத்துக்கு முன்பு எழுதியது அப்படியே கிடக்கும்.